முதல் சுளை

சவில்லா கிங்கரிச்சுக்கு ரயில் புதிதில்லை. பழைய கிறிஸ்தவச் சபை ஒழுங்கில் வாழ்கிற எங்கள் மிசூரிப் பக்கத்து ஆமிஷ் ஜனங்கள் கார் வைத்துக்கொள்வதில்லை, விமானம் ஏறுவதில்லை. தூரத்துக் கல்யாணம், தூரத்துச் சாவு, தங்கை பிரசவம், எதுவானாலும் ரயில்தான். கூடை, குழந்தை, ரொட்டி, ஊறுகாய் ஜாடி என்று கிளம்பினால் பாதிப் பெட்டி அவர்களாகவே இருக்கும். மீதிப் பாதியில் இங்கிலீஷ்காரர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். தாங்கள் அல்லாத எல்லோருக்கும் ஆமிஷ்காரர்கள் வைத்திருக்கிற பெயர் அதுதான், இங்கிலீஷ்காரர்கள். அப்படி அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். பேச்சுத்துணைக்கு ஒரு சித்தி மகள்கூட இல்லாமல், தன்னந்தனியாக, இரவு முழுக்க உட்கார்ந்தபடி போவது அறுபத்தேழாவது வயதில்தான் வாய்த்தது.

துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. போகிற காரியம் அப்படி. மூன்றாவது மகன் எமரி ஆல்புகர்க்கியில் சாகக் கிடந்தான். எமரி சபையிலிருந்து விலக்கப்பட்டவன். விலக்கப்பட்டவனோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. பேசலாம், போய்ப் பார்க்கலாம், அவனுக்குக் கொடுக்கலாம், நோயில் விழுந்தால் பணிவிடைகூடச் செய்யலாம். வாங்கத்தான் கூடாது. பெற்ற தாய்க்கும் இதே சட்டம். சொல்லப்போனால் தாய் ஒழுங்காக நடக்கிறாளா என்றுதான் ஊர் முதலில் பார்க்கும்.

சேதி போன் வழியாக வந்தது. வீட்டுக்குள் போன் கூடாது என்பதால் நாலு குடும்பத்துக்கும் பொதுவாகப் பாதை முனையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதற்குள் வைத்திருக்கிறார்கள். அதில் பதிவாகியிருந்தது எமரியின் மனைவி டெல்ஃபினாவின் குரல். சவில்லா அந்த மருமகளின் முகத்தைப் பார்த்தது கிடையாது. நரம்பு நோய், வைத்தியம் கிடையாது, ஒவ்வொரு தசையாகப் போய்க்கொண்டிருக்கிறது, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறான் என்று அந்தக் குரல் சொன்னது. திரும்பக் கூப்பிட்டபோது டெல்ஃபினா போனை அவன் காதில் வைத்தாள். வாய் நிறையக் கஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி இருந்தது அவன் பேச்சு.

"முடிஞ்சா வாம்மா. முடியலன்னாலும் பரவால்ல."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பனியில் வீடு வரைக்கும் நடந்தபோது அவள் மனதில் ஓடியது ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தடவை அவன் எதையாவது நீட்டினால் வாங்குவதா, வேண்டாமா? வாங்கினால் சபை நடுவில் மண்டியிட்டுத் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் டீக்கன் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஒழுங்கு தவறினவர்களின் வாசலில் போய் நின்று கேட்பதுதான் டீக்கனுடைய வேலை. அந்தச் சபையின் டீக்கன் டோபியாஸ் கிங்கரிச், அவள் புருஷன். அவன் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட பதவியில்லை அது. சீட்டுப் போட்டார்கள், அவன் எடுத்த பாட்டுப் புத்தகத்துக்குள் சீட்டு இருந்தது. அன்றைக்குச் சவில்லா அழுததை எமரி பார்த்தான். அப்போது அவனுக்குப் பதினோரு வயது.

டோபியாஸ் ரயிலடிக்கு வரவில்லை. பக்கத்துப் பண்ணை இங்கிலீஷ்காரன் டுவேன் காரோடு வந்து நின்றபோது, அவள் பையை டோபியாஸ்தான் எடுத்துக்கொண்டுபோய்ப் பின்சீட்டில் வைத்தான். கதவைச் சாத்தினான். பிறகு திறந்துவிட்டுச் சொன்னான்:

"நீ திரும்பி வந்தப்புறம் நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

இது இரக்கமா கோபமா என்று லா பிளாட்டா ஸ்டேஷன் வருகிறவரை யோசித்துப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவளுக்கே பிடிபடவில்லை என்றால் அந்த மனுஷனை என்ன சொல்வது.

ரயில் வந்தபோது இருட்டிவிட்டது. பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள் பையை வாங்கிப் படியேற்றி, இரண்டடுக்குப் பெட்டியின் மாடியில் ஓர் இருக்கையைக் காட்டி, எந்த ஊரில் இறங்குகிறாள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதித் தலைக்கு மேலே செருகினாள். தூங்கிப்போனாலும் நான் எழுப்பிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள் அம்மா என்றாள். சன்னலோரம் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். கொழுத்த தேகம், தங்க நிறத்துக்குச் சாயம் ஏற்றிய முடி, விரலுக்கு ஒரு மோதிரம். பேர் டார்லீன். நெவாடா எல்லையில் ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிற வேலை. இல்லினாயில் இருக்கிற மகளோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று போனவள், நாலாம் நாளே சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். இவ்வளவையும் சவில்லா தொப்பியைக் கழற்றி மடியில் வைப்பதற்குள் அவள் சொல்லி முடித்தாள்.

சவில்லாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. வாய் ஓயாத மனுஷர்களிடம் ஒரு வசதி, நாம் பேச வேண்டியதில்லை. டார்லீன் கொடுத்த உருளைக்கிழங்கு வறுவலை வாங்கிக்கொண்டாள். பதிலுக்குத் தன் பையிலிருந்து ஆப்பிள் பூரணம் வைத்த பணியாரம் ஒன்றைக் கொடுத்தாள். அதைக் கடித்த டார்லீன், இந்த ஒன்றை மட்டும் செய்யத் தெரிந்திருந்தால் என் முதல் புருஷன் ஓடியிருக்க மாட்டான் என்றாள். அப்புறம் யோசித்துவிட்டு, அவன் ஓடினதும் நல்லதுக்குத்தான் என்றாள். கன்சாஸ் சிட்டி தாண்டி விளக்கைக் குறைத்ததும், அம்மா உங்களுக்குக் குளிரும் என்று தன்னுடைய இரண்டாவது போர்வையை எடுத்து நீட்டினாள். சவில்லா அதையும் வாங்கிப் போர்த்திக்கொண்டாள்.

அந்தப் பெட்டியில் அறுபது எழுபது பேர் சாய்ந்து கிடந்தார்கள். யாரோ குறட்டை விட்டார்கள், யாரோ தூக்கத்தில் முனகினார்கள். சவில்லாவுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் எமரி பதினெட்டு வயசுப் பையனாக, தலைமுடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, சபை நடுவில் மண்டியிட்டிருந்தான். அவன் ஞானஸ்நானம் எடுத்த நாள்.

அவள் மனதை அரித்தது இதுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எங்களில் ஞானஸ்நானம் பிறந்தவுடன் கிடையாது. வளர்ந்து, உலகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, தானாக வந்து மண்டியிட்டு, சாகும்வரை இந்த ஒழுங்கில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தால்தான். வாக்குக் கொடுக்காதவன் ஊரை விட்டுப் போனால் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். விலக்கு கிடையாது. கொடுத்தவன் போனால்தான் விலக்கு. எமரிக்குச் சின்ன வயதிலிருந்தே நெடுஞ்சாலைப் பைத்தியம். வேலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகிற லாரிகளின் சத்தத்தை வைத்தே இது இன்ன லாரி என்று சொல்வான். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கயிறு அறுபடுவதற்கு முன்னால் முடிச்சுப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று அவன் சொன்னான். டோபியாஸும் அதையே சொன்னான். அவள் கேட்கவில்லை. எனக்காகச் செய்டா என்று மாட்டுத் தொழுவத்தில் வைத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் செய்தான். மூன்று வருஷத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான்.

அவனுக்கு அடுத்தவன் லெராய் இருக்கிறானே, அவனும்தான் போனான். அவன் விஷயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை, அவனும் மண்டியிடவில்லை. இப்போது கிர்க்ஸ்வில்லில் குழாய் வேலை செய்கிறான். கிறிஸ்துமஸுக்குப் பெரிய சத்தத்தோடு வண்டியில் வந்து இறங்கி, அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தட்டு தின்றுவிட்டு, அம்மா கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறான். அண்ணனும் தம்பியும் செய்தது ஒரே காரியம். ஒருத்தனுக்கு மேசையில் இடம் இருந்தது, இன்னொருத்தனுக்கு இல்லை. அந்த வித்தியாசம் தான் செய்து வைத்தது என்று சவில்லாவுக்குத் தெரியும். மகனைக் கட்டிப்போடப் பார்த்தாள், கட்டு வந்து விழுந்தது அவள் கையில்.

ஆரம்பத்தில் எமரி வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது லாரியை நெடுஞ்சாலையில் நிறுத்திவிட்டு வயல் வழியாக நடந்து வருவான். அப்போதெல்லாம் அவள் இரண்டு மேசைகளை ஒரு விரல் இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பாக விரித்துவிடுவாள். இது எங்களில் நிறையத் தாய்மார்கள் செய்கிற தந்திரம்தான். சட்டப்படி இரண்டு மேசை, கண்ணுக்கு ஒரே மேசை. எமரி சாப்பிடும்போது கிண்ணத்தை எடுக்கிற சாக்கில் அந்த இடைவெளியை விரிப்புக்கு மேலாக விரலால் தடவிப் பார்ப்பான். அம்மாவைப் பார்த்துச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள்.

அது கெட்டது டோபியாஸின் அண்ணன் செத்த அன்றைக்குத்தான். எமரி கலிபோர்னியாவிலிருந்து சரக்கோடு நேராக வந்தவன், ஒரு பெட்டி ஆரஞ்சும் கொண்டுவந்திருந்தான். ஆரஞ்சு என்றால் சவில்லா வீட்டில் கிறிஸ்துமஸ்தான். பிள்ளைகள் ராத்திரி மேசையில் ஆளுக்கொரு தட்டு வைத்துவிட்டுப் படுப்பார்கள், காலையில் தட்டில் நிலக்கடலையும் மிட்டாயும் ஓர் ஆரஞ்சும் இருக்கும். வருஷத்துக்கு ஒரே ஆரஞ்சு. மற்றப் பிள்ளைகள் ஒளித்து வைத்துக்கொண்டு தின்பார்கள். எமரி மட்டும் உரித்த உடனே முதல் சுளையைக் கொண்டுவந்து அம்மா வாயருகில் நீட்டுவான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படி.

துக்க வீட்டின் சமையலறை நிறையப் பெண்கள். மேசையில் பிஷப் காப்பி குடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் டோபியாஸ். எமரி நின்றபடியே ஓர் ஆரஞ்சை உரித்தான். ஏதோ பேசிக்கொண்டே, முதல் சுளையைப் பிய்த்து அவள் பக்கம் நீட்டினான். பழக்கத்தில் மறந்து நீட்டினானா, வேண்டுமென்றே நீட்டினானா? பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய இரண்டு கைகளும் ஏப்ரனுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. அவள் ஒளித்ததாகக்கூடச் சொல்ல முடியாது, அவை தாமாகப் போயின. எமரி கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றான். அப்புறம் சுளையை மேசை ஓரத்தில் வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வயல் வழியாகப் போனான். அதோடு சரி. பிறகு கிறிஸ்துமஸுக்குக் கொட்டகையில் போன் மணி அடிக்கும், இரண்டு நிமிஷம் பேசுவான், மழை பெய்ததா என்று கேட்பான்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அந்தச் சுளையை அவள் எடுத்துத் தின்றாள். மேசையில் வைத்ததை எடுப்பதற்குத் தடையில்லை. காய்ந்து தோலாகியிருந்தது.

காலையில் கண் விழித்தபோது கொலராடோ வந்திருந்தது. இரண்டு பக்கமும் மொட்டைச் சமவெளி, வேலி ஓரங்களில் பனி. லா ஹுன்டாவில் வண்டி நின்றதும் புகைபிடிக்கிறவர்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள். டார்லீனும் இறங்கிப்போய் ஊதிவிட்டு, வரும்போது இரண்டு காப்பி வாங்கி வந்தாள். அப்புறம் தன் பையைத் துழாவி ஒரு வலைப்பை ஆரஞ்சை வெளியே எடுத்தாள். ஒன்றை உரித்தாள். பேச்சுவாக்கில் ஒரு சுளையைப் பிய்த்துச் சவில்லாவிடம் நீட்டினாள். சவில்லா வாங்கினாள்.

வாங்கிவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன, புளிப்பா என்று டார்லீன் கேட்டாள். சவில்லாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆமிஷ்காரி வெளி ஆள் முன்னால் அழுவது எத்தனை வெட்கக்கேடு என்று எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவளால் நிறுத்த முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள், மேசை, விரிப்பு, சுளை, ஏப்ரன், எல்லாம். டார்லீன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"இருங்க. என் கையில வாங்கினீங்களே. நேத்து வறுவல், போர்வை, இப்ப காப்பி. நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? மூணு புருஷனை விட்டவ. சீட்டுப் போட்டு ஊர்ப் பணத்தைப் பிடுங்கறவ."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எங்க சபையில மண்டி போட்டு வாக்குக் குடுக்கலையே."

"உங்க பையன் குடுத்தாரா?"

"குடுத்தான்."

"போகப்போறவர் எதுக்குக் குடுத்தாரு?"

"நான் கேட்டேன். அதுக்காகக் குடுத்தான்."

அவள் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏறியதிலிருந்து மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்த டார்லீன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன நினைத்தாளோ, தன் மகளையும் நினைத்திருக்கலாம். அப்புறம் வலைப்பையில் இருந்ததிலேயே பெரிய ஆரஞ்சாகப் பார்த்து எடுத்துச் சவில்லாவின் மடியில் வைத்தாள்.

"இது உங்க பையனுக்கு. அவர் குடுத்தா வாங்கிக்குங்கம்மா. இவ்வளவு தூரம் போயிட்டுக் கையை ஒளிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

சவில்லா ஆரஞ்சை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரயில் மலையேறி, சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும்போது அவள் முடிவு பண்ணியிருந்தாள். வாங்கிவிடுவது. தண்ணீரோ, மருந்து டப்பாவோ, அவன் எதை நீட்டினாலும் முதல் தடவையிலேயே, யோசிக்காமல், இரண்டு கையாலும் வாங்கிவிடுவது. சபை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அப்படி நினைத்ததும் பசி எடுத்தது. டார்லீனோடு சேர்ந்து மிச்சமிருந்த பணியாரத்தையெல்லாம் தின்று தீர்த்தாள். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். போய்ச் சேருகிற வரைக்கும் அவன் உயிரோடு இருக்க வேண்டுமே என்கிற ஒரு கவலைதான் பாக்கி. நடுவில் ஒரு சரக்கு வண்டிக்கு வழி விட்டு ரயில் பொட்டல் காட்டில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. அவள் எழுந்து நின்றுகொண்டாள். நின்றால் சீக்கிரம் போய்விடும் என்று எண்ணமோ என்னவோ.

ஆல்புகர்க்கியில் டெல்ஃபினா நடைமேடையிலேயே நின்றிருந்தாள். குள்ளமாக, சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தூங்காத கண்களோடு. கறுப்புத் தொப்பியை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்து கையைப் பிடித்தாள். இருக்கிறான், இருக்கிறான் என்றாள் முதலில். மற்றதெல்லாம் காரில்.

வீட்டு முன்னறையில் சன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். எமரிக்கு நாற்பத்திரண்டு வயது. மழித்த முகம். கன்னம் ஒட்டிப்போய், டோபியாஸின் அப்பா கடைசி நாட்களில் இருந்தது மாதிரி இருந்தான். போர்வை மார்பு வரைக்கும் இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கண் மட்டும் சிரித்தது. அவள் நெற்றியில் கை வைத்தாள், முடியை ஒதுக்கிவிட்டாள். ரயில் எப்படி இருந்தது என்று கேட்டான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

சவில்லா இரண்டு கைகளையும் ஏப்ரனுக்கு வெளியே, அவன் பார்க்கும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் தண்ணீர் கோப்பை இருந்தது, துண்டு இருந்தது, ஜெபமாலை இருந்தது. எதையாவது எடுத்து நீட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் நீட்டவில்லை. பயப்படுகிறானோ? பதினோரு வருஷத்துக்கு முந்தின கோபம் இன்னும் இருக்கிறதோ? கடைசியில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"எமரி, எனக்கு ஏதாச்சும் குடுடா. வாங்கிக்கறேன்."

அவன் அவளையே பார்த்தான். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவன் முகம் உடைந்துபோனதை அவள் பார்த்தாள்.

"கை வராதும்மா" என்றான். "ரெண்டும் போயிடுச்சு. அறுப்புக் காலத்துலேயே."

கதவோரம் நின்ற டெல்ஃபினா, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் அம்மா என்றாள் மெல்ல. போர்வையை விலக்கினாள். கைகள் உடம்பின் இரண்டு பக்கமும் கிடந்தன, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை மாதிரி. லாரி ஓட்டின கை. தொழுவத்தில் அவள் பிடித்துக்கொண்டு கெஞ்சின கை.

அவள் வாங்க வரும் வரைக்கும் அந்தக் கைகள் காத்திருக்கவில்லை. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் உட்கார்ந்து வந்து எடுத்த முடிவை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கொடுக்கலாம். ஊட்டலாம், துடைக்கலாம், புரட்டிப் போடலாம். அதற்கெல்லாம் என்றைக்கும் தடையில்லை. தடையாக இருந்த ஒன்றைத்தான் செய்ய வந்தாள், அது ஒன்றுதான் இனி நடக்காது.

அவள் எழுந்து ஏப்ரன் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்தாள். நகத்தால் கீறி உரித்தாள். தோல் துண்டு துண்டாக வந்தது. முதல் சுளையைப் பிய்த்தாள். அவன் வாயைத் திறந்தான், தனக்கு ஊட்டப்போகிறாள் என்று. அவள் தலையை ஆட்டினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவனுடைய வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை மேலே திருப்பித் தன் இடது கையில் ஏந்திக்கொண்டாள். நல்ல கனம். உள்ளங்கையில் சுளையை வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினாள். பிறகு அந்தக் கையை மெல்ல உயர்த்தித் தன் வாயருகே கொண்டுவந்து, விரல்களைத் திறந்து, சுளையை எடுத்தாள்.

"குடுத்துட்டே" என்றாள். "நான் வாங்கிட்டேன்."

வாயில் போட்டு மென்றாள். எமரி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது, துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை. அவள்தான் துடைத்துவிட்டாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றான்.

"அப்பா டீக்கன். அவர் வேலை அவருக்கு, என் வேலை எனக்கு."

மிச்சச் சுளைகளைப் பிழிந்து சாற்றைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அவன் நாக்கில் விட்டாள். அதில் பாதி வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவன் இருந்த நாட்களெல்லாம் அவளும் டெல்ஃபினாவும் மாறி மாறிக் கட்டிலருகில் இருந்தார்கள். ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள், எமரியின் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்ட மேசை, இடைவெளி விடாமல். மார்ச் பிறப்பதற்குள் அவன் போய்விட்டான். டெல்ஃபினா குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தில், அவர்கள் கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்தார்கள். வேறு மொழியில் சொன்ன அந்த ஜெபத்தில் சவில்லாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அப்படியும் கடைசிவரை நின்றாள்.

திரும்பும்போதும் அதே ரயில், அதே மாதிரி உட்கார்ந்துகொண்டு ஓர் இரவு. இந்தத் தடவை பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தலைக்கு மேலே லா பிளாட்டா என்று குறித்த துண்டுத்தாள் ஆடிக்கொண்டிருந்தது.

டுவேன் காரில் கொண்டுவந்து விட்டான். டோபியாஸ் சமையலறையில் அடுப்பு மூட்டி வைத்திருந்தான். காப்பி ஊற்றி அவள் முன்னால் வைத்தான். எதிரே உட்கார்ந்தான். சொன்ன வார்த்தைப்படி ஒன்றும் கேட்கவில்லை. அடக்கம் எப்படி நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. காப்பி ஆறியது.

"அவன் கையிலேர்ந்து வாங்கித் தின்னேன்" என்றாள் அவளாக. "நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்லித்தான் ஆகணும். ஞாயித்துக்கெழமை மண்டி போடறேன். நீங்க விசாரிக்க வரணும்னா கூட ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

டோபியாஸ் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் எதையோ தேடுகிற மாதிரி அதைத் தடவினான்.

"என்ன குடுத்தான்?"

"ஆரஞ்சுச் சுளை."

டோபியாஸ் தலை நிமிராமலே கேட்டான்.

"முதல் சுளையா?"

ஆமாம், முதல் சுளைதான் என்றாள்.